சென்னையிலிருந்து டொராண்டோ: எந்த ஊரில் இறங்கி மாறுவது?

சென்னைக்கும் டொராண்டோவுக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 13,400 கிலோமீட்டர். இணையத்தில் தூரக் கணக்குப் போடும் தளங்கள் இதை 900-ஆல் வகுத்து, ‘15 மணி நேரப் பயணம்’ என்று சொல்லிவிடும். அந்த 15 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. நேர் விமானம் கிடையாது. எங்காவது இறங்கி, காத்திருந்து, மாறித்தான் போக வேண்டும். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் என்று பார்த்தால் ஒன்றேகால் நாள் போய்விடும்.

அக்கா டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறாள். அம்மாவும் அப்பாவும் இந்த முறை துணையில்லாமல் தனியாகப் போகிறார்கள். அம்மாவுக்கு மூட்டு வலி, அப்பாவுக்கு பிரஷர். எந்த வழியாக டிக்கெட் போடுவது என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரம் சண்டை நடந்தது. அக்கா டெல்லி என்றாள், மாமா லண்டன் என்றார், டிக்கெட் ஏஜென்ட் துபாய் என்றார். அந்தச் சண்டையில் நான் சேகரித்து வைத்ததுதான் இது.

முதலில் தூரம். என் பையனின் பள்ளிக்கூட உலக உருண்டையை எடுத்துவைத்து, அம்மாவின் பூக்கட்டும் நூலில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையைச் சென்னையில் அழுத்திப் பிடித்துக்கொண்டார் அப்பா. மறுமுனையை நான் டொராண்டோவில் வைத்து இழுத்தேன். சுவரில் மாட்டிய வரைபடத்தைப் பார்த்தே பழகியவர்களுக்கு, அரபிக் கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று மேற்கே போவதுதான் வழி என்று தோன்றும். நூல் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. விறுவிறுவென்று வடக்கே ஏறியது. டெல்லிக்குக் கொஞ்சம் மேற்கே, தஜிகிஸ்தான், கஜகஸ்தான், யூரல் மலை, நார்வேக்கும் மேலே இருக்கும் கடல், கிரீன்லாந்து, அப்புறம் கியூபெக் வழியாகத் தெற்கே இறங்கி டொராண்டோ. காரணம் எளிது. சென்னை கிழக்குத் தீர்க்கரேகை 80 டிகிரியில் இருக்கிறது. டொராண்டோ மேற்கே ஏறக்குறைய அதே 80. உருண்டையின் ஒரு பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் என்றே சொல்லலாம். அப்படிப்பட்ட ஊருக்குச் சுற்றிக்கொண்டு போவதைவிட, உச்சந்தலை வழியாகத் தாண்டிப் போவதுதான் குறுக்கு வழி.

இதைப் பார்த்ததும் அப்பா, “டெல்லி வழியாகப் போனால் சுத்தே இல்லையே” என்றார். தூரத்தை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரி. சென்னை–டெல்லி 1,760, டெல்லி–டொராண்டோ 11,640, கூட்டினால் 13,400. நேர்கோட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். பிராங்க்பர்ட் வழி 7,600-ம் 6,340-ம் சேர்ந்து சுமார் 13,940. லண்டன் வழியும் அதே அளவு. துபாய் வழி சுமார் 14,020. ஹாங்காங் வழியாகவும் போகலாம். ஆனால் முதலில் கிழக்கே 3,700 கிலோமீட்டர் போய்விட்டுத் திரும்ப வேண்டும், மொத்தம் 16,300-ஐத் தொடும். டிக்கெட் பாதி விலைக்குக் கிடைத்தால் ஒழிய அதை நான் யோசிக்க மாட்டேன்.

ஹாங்காங்கை விட்டுவிட்டால், மற்ற நான்கு வழிகளுக்கும் இடையில் அதிகபட்ச வித்தியாசம் 600 கிலோமீட்டர் சொச்சம். விமானத்துக்கு அது முக்கால் மணி நேரம். ஆனால் நடுவில் காத்திருக்கும் நேரம் 2 மணியாகவும் இருக்கலாம், 9 மணியாகவும் இருக்கலாம். ஆகவே எந்த வழி குறைந்த தூரம் என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை. பயணத்தை எந்த இடத்தில் இரண்டாக வெட்டுகிறோம், வெட்டிய இடத்தில் எவ்வளவு நேரம் உட்காருகிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வெட்டும் கணக்கு இப்படி வருகிறது. டெல்லி வழியில் முதல் துண்டு 3 மணி, இரண்டாவது 14 முதல் 16 மணி. துபாய் வழியில் 4 மணி சொச்சம், பிறகு ஏறக்குறைய 14. பிராங்க்பர்ட் வழியில் 10 மணி, பிறகு எட்டரை, ஒன்பது. லண்டன் வழியில் 11, பிறகு 8. பறக்கும் நேரம் என்று கூட்டினால் எல்லாமே 17-லிருந்து 19-க்குள் அடங்கிவிடும். டெல்லியும் துபாயும் சின்னத் துண்டு, பெரிய துண்டு. ஐரோப்பிய ஊர்கள் கிட்டத்தட்ட நடுவில் வெட்டுகின்றன.

நடுவில் வெட்டுவது நல்லதா? அம்மாவின் மூட்டைக் கேட்டால் நல்லது என்றுதான் சொல்லும். 14 மணி நேரம் ஒரே இருக்கையில் என்றால் கால் வீங்கி, இறங்கும்போது செருப்பு ஏறாது. போன முறை அப்படித்தான் ஆனது. டொராண்டோ விமான நிலையத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பத்து மணி நேரம் கழித்து இறங்கி, கொஞ்சம் நடந்து, முகம் கழுவி, மறுபடி ஏறினால் உடம்பு தாங்கும். ஆனால் தூக்கம் என்று பார்த்தால் கணக்கு தலைகீழ். நீண்ட துண்டில்தான் ஒரு முழுத் தூக்கம் கிடைக்கும். இருக்கையில் உட்கார்ந்தபடியே தூங்கத் தெரிந்த என் போன்றவர்களுக்குத் துபாய் வழி பரவாயில்லை.

டெல்லி வழிதான் காகிதத்தில் அழகாக இருப்பது. இந்தியாவிலேயே மாறுகிறோம், பெரிய விமானத்தில் ஏறினால் டொராண்டோவில்தான் இறக்கம். ஆனால் அந்தப் பெரிய துண்டு ஏன் 14-க்கும் 16-க்கும் நடுவில் ஆடுகிறது என்று பாருங்கள். 2022 பிப்ரவரிக் கடைசியில் கனடாவும் ரஷ்யாவும் ஒருவர் வான்வெளியை மற்றவருக்கு மூடிக்கொண்டன. அதனால் கனடா நாட்டு விமானம் அந்த நூல் போட்ட வழியில் போக முடியாது. ரஷ்யாவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இந்திய விமானத்துக்கு ரஷ்யா திறந்திருக்கிறது. ஆனால் 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. பிறகு மாதாமாதம் நீட்டித்துக்கொண்டே வந்தது. அந்தச் சமயத்தில் டெல்லியிலிருந்து வட அமெரிக்கா கிளம்பிய சில இந்திய விமானங்கள் வியன்னா போன்ற ஊர்களில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ஆக ஒருவருக்கு ஒரு கதவு மூடல், மற்றவருக்கு இன்னொரு கதவு மூடல். உருண்டையில் நூல் நேராகத்தான் இருக்கிறது. விமானம் நேராகப் போவதில்லை. டெல்லி டிக்கெட் எடுக்கும் முன், அந்த விமானம் போன வாரம் உண்மையில் எத்தனை மணி நேரம் பறந்தது என்று விமானங்களைக் கண்காணிக்கும் தளம் ஒன்றில் பார்த்துவிடுங்கள். டிக்கெட்டில் அச்சடித்த நேரத்தைவிட அது நம்பத் தகுந்தது.

டெல்லியில் இன்னொரு வில்லங்கம், தனித்தனி டிக்கெட். எனக்கே நடந்தது. சென்னை–டெல்லி ஒரு நிறுவனம், டெல்லி–டொராண்டோ வேறு நிறுவனம், தனித்தனியாக எடுத்தால் பத்தாயிரம் மிச்சம் என்று எடுத்தேன். டிசம்பர் மாதம். சென்னை கவுண்டரிலேயே முதல் அடி: உள்நாட்டு டிக்கெட்டுக்கு லக்கேஜ் 15 கிலோ. என்னிடம் இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23. அதிகப்படி எடைக்குக் கட்டியதிலேயே மிச்சம் பிடித்த பணம் முழுக்கப் போயிற்று. அப்புறம் டெல்லிப் பனி. விமானம் மேலேயே முக்கால் மணி நேரம் வட்டமடித்துவிட்டு ஜெய்ப்பூரில் போய் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே பளீரென்று வெயில். அங்கிருந்து 250 கிலோமீட்டர் தள்ளி டெல்லியில் ஓடுபாதை தெரியவில்லையாம். மறுபடி கிளம்பி டெல்லி போய்ச் சேர்ந்து, பெட்டிகளை எடுத்துக்கொண்டு, உள்நாட்டு டெர்மினலிலிருந்து சர்வதேச டெர்மினலுக்கு ஓடினால், கவுண்டர் மூடி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. முதல் நிறுவனம், ‘டெல்லியில் இறக்கிவிட்டோமே’ என்றது. இரண்டாவது நிறுவனத்தின் கணினியில் நான் ‘வராத பயணி’. இரண்டு பேர் மீதும் சட்டப்படி தப்புச் சொல்ல முடியாது. தப்பு என்னுடையது. ஒரே பிஎன்ஆர் எண்ணில் எடுத்திருந்தால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பாக இருந்திருக்கும்; லக்கேஜ் அளவும் சர்வதேசக் கணக்கில் வந்திருக்கும்.

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரிக் கடைசி வரை டெல்லி வழியாக வயதானவர்களை அனுப்பக் கூடாது என்பது அன்றைக்கு நான் எடுத்த முடிவு. மற்ற மாதங்களில், ஒரே டிக்கெட்டாக, குறைந்தது 4 மணி நேர இடைவெளியோடு கிடைத்தால் யோசிக்கலாம். திரும்பி வரும்போதும் ஒன்று உண்டு: வெளிநாட்டிலிருந்து இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில்தான் இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் எல்லாம். பொதுவாகப் பெட்டியை டெல்லியிலேயே எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி உள்நாட்டுக்குப் போட வேண்டும். 14 மணி நேரம் பறந்து வந்த எழுபது வயதுக்காரர் 23 கிலோ பெட்டியைப் பெல்ட்டிலிருந்து தூக்குவதை நினைத்துப் பாருங்கள். துபாய், பிராங்க்பர்ட், லண்டன் வழியில் ஒரே டிக்கெட் என்றால் டொராண்டோவில் போட்ட பெட்டி மீனம்பாக்கத்தில்தான் வெளியே வரும்.

துபாயின் பலம் பாஷை. ஆங்கிலம் தடுமாறும் அம்மா அங்கே யாரிடமாவது தமிழிலோ, அரைகுறை மலையாளத்திலோ வழி கேட்டுவிடலாம். வீல்சேர் தள்ளுகிறவரே நம் பக்கத்து ஆளாக இருப்பதும் உண்டு. விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்கு விசா கேட்க மாட்டார்கள். சென்னையிலிருந்து தினம் பல விமானங்கள் இருப்பதால் ஒன்று தவறினாலும் இன்னொன்று கிடைக்கும். டொராண்டோ பக்கம் அப்படி இல்லை. துபாய் விமானத்துக்குக் கனடா வெகு காலம் வாரத்துக்கு மூன்றே நடைதான் அனுமதித்திருந்தது. அதை வைத்து 2010-இல் இரண்டு நாடுகளுக்கும் பெரிய மனத்தாங்கல் வந்து, அமீரகத்தில் இருந்த கனடா ராணுவ முகாமையே காலி செய்யச் சொன்னார்கள். தினம் ஒரு நடை என்று ஆனது 2023-இல்தான். அதனால் துபாயில் டொராண்டோ விமானத்தைத் தவறவிட்டால் அடுத்தது பெரும்பாலும் மறுநாள்தான்.

வளைகுடாவுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2025 ஜூன் 23 மாலை கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது, தோஹாவை நோக்கி வந்துகொண்டிருந்த விமானங்கள் எல்லாம் வேறு ஊர்களுக்குத் திரும்பின. டிக்கெட் எடுக்கும் வாரத்தில் அங்கே என்ன நிலவரம் என்று செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வழியில் முடிவு செய்ய வேண்டும்.

பிராங்க்பர்ட்டும் லண்டனும் அண்ணன் தம்பி மாதிரி. இரண்டுக்கும் சென்னையிலிருந்து நேர் விமானம் இருக்கிறது, இரண்டிலிருந்தும் டொராண்டோவுக்கு ஒரே நாளில் பல நடை இருக்கிறது. அந்தக் கடைசி விஷயம் பெரிது. முதல் விமானம் தாமதமானாலும் அன்றைக்கே இன்னொன்றில் ஏற்றிவிட வாய்ப்பு அதிகம். குறை என்று பார்த்தால் உள்ளே நடக்க வேண்டிய தூரம். பிராங்க்பர்ட்டில் வாசலுக்கு வாசல் நடந்து நடந்து கால் ஓய்ந்துவிடும். நடுவில் மறுபடி பாதுகாப்புச் சோதனை வேறு. சென்னையில் சோதனை முடித்து வாங்கிய தண்ணீர் பாட்டிலை அங்கே பிடுங்கிப் போட்டாலும் போடுவார்கள். லண்டன் ஹீத்ரோவில் ஒரே நிறுவனம் என்றால் பெரும்பாலும் அதே டெர்மினலுக்குள் முடிந்துவிடும். நிறுவனம் மாறினால் பஸ் பிடித்து இன்னொரு டெர்மினல் போக வேண்டி வரும்.

விசா விஷயத்தில், செல்லுபடியாகும் கனடா விசா இருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இந்த இரண்டு ஊரிலும் விமான நிலையத்துக்குள் மாறுவதற்குத் தனி டிரான்சிட் விசா பொதுவாகக் கேட்பதில்லை. ஆனாலும் விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் போடும் அன்று அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் பார்த்துவிடுவது நல்லது. அமெரிக்க ஊர் ஏதாவது வழியாக மலிவு டிக்கெட் கண்ணில் பட்டால், அதற்கு அமெரிக்க விசா வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

போவதற்கும் வருவதற்கும் நேரம் ஒன்றாக இருக்காது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று வீசுகிறது. அமெரிக்கக் கண்டம் நோக்கிப் போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகைத் தள்ளும் காற்று. துபாய்–டொராண்டோ ஏறக்குறைய 14 மணி என்றால் திரும்ப வருவது 13-க்குள் முடிந்துவிடும். பிராங்க்பர்ட் துண்டிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சமாகும்.

மணிக் கணக்கைவிட அப்பாவைக் குழப்பியது கடிகாரம். டிக்கெட்டில், சென்னையில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி, அதே தேதி மாலை 4 மணிக்கு டொராண்டோ சேரும் என்று போட்டிருக்கும். “பன்னிரண்டு மணி நேரம்தானே” என்றார். இல்லை. குளிர்காலத்தில் டொராண்டோ நம்மைவிட பத்தரை மணி நேரம் பின்னால்; கோடையில் கடிகாரத்தை முன்னால் தள்ளிவைப்பதால் ஒன்பதரை. ஆகவே அந்தப் பயணம் குளிர்காலத்தில் இருபத்திரண்டரை மணி நேரம், கோடையில் இருபத்தொன்றரை. இது மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு முக்கியம். அப்பா தினம் காலை எட்டு மணிக்கு பிரஷர் மாத்திரை போடுகிறவர். வழியில் எந்த ஊர்க் காலை எட்டு? டாக்டரிடம் கேட்டோம். பயணம் முடியும் வரை சென்னை நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள், போன பிறகு மெதுவாக மாற்றலாம் என்று அவர் அப்பாவுக்குச் சொன்னார். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது வேறு மாதிரி இருக்கும். அவர்கள் தங்கள் டாக்டரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்பா தன் பழைய கைக்கடிகாரத்தைச் சென்னை நேரத்திலேயே விட்டுவிடப் போகிறார். போன் எந்த ஊர் நேரத்தை வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளட்டும்.

சரி, எதை எடுத்தோம்? பிராங்க்பர்ட். அம்மாவின் மூட்டுதான் தீர்மானித்தது. ஒரே பிஎன்ஆர், நடுவில் நாலரை மணி நேரம். 2 மணி நேர இடைவெளியில் இன்னும் மலிவாக ஒன்று கிடைத்தது, வேண்டாம் என்றேன். வீல்சேர் கேட்டவர்கள், மற்ற எல்லாரும் இறங்கிய பிறகு கடைசியாகத்தான் இறங்குவார்கள், தள்ளுகிறவர் வரும் வரை காத்திருக்க வேண்டும். அதிலேயே முக்கால் மணி நேரம் போய்விடும். துபாய் டிக்கெட் ஆளுக்கு நாலாயிரம் குறைவாக இருந்தது. நான் தனியாகப் போயிருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன்.

வீல்சேரை டிக்கெட் போடும்போதே இருவருக்கும் கேட்டாயிற்று. அப்பா, “எனக்கு எதுக்கு, நான் நல்லாத்தானே நடக்கிறேன்” என்று கோபித்துக்கொண்டார். அம்மாவை ஒருத்தர் தள்ளிக்கொண்டு ஒரு வழியாகப் போய், அப்பா வரிசையில் நின்று வேறு வழியாகப் போய், இருவரும் அந்த ஊரில் ஒருவரை ஒருவர் தேடுவதைவிட இது மேல் என்று சொன்ன பிறகு சம்மதித்தார். ஒரு வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் விமான எண்கள், ஏறும் நேரம், அக்காவின் போன் நம்பர், ‘தமிழ் மட்டும் பேசுவார்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, எல்லாம் எழுதி இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அம்மாவின் கைப்பையிலும் இன்னொன்றை அப்பாவின் சட்டைப் பையிலும் வைத்திருக்கிறேன்.

திரும்பும் தேதி இன்னும் முடிவாகவில்லை. அக்கா ஜனவரி என்கிறாள். அப்படியென்றால் அப்பா ஆசைப்பட்ட டெல்லி வழி இந்த முறையும் கிடையாது.